தலையில் எடுத்த கட்டி நெஞ்சில் தெரியுமா?

மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ரத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. எல்லாம் சரி. நெஞ்சு எக்ஸ்ரேயில் மட்டும் வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் ஒன்றுமாக உருண்டை நிழல்கள். இருமல் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கானாடுகாத்தான் பக்கத்து 65 வயது ஆச்சி ஒருவருக்கு இப்படி நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரிக்குள் வீட்டில் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ஒரு கட்சி டி.பி. என்று சொல்லும். இன்னொரு கட்சி வாயால் சொல்லாது, மனசுக்குள் கேன்சர் என்று நினைக்கும். 9 வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஆச்சிக்குத் தலையில் ஒரு கட்டி எடுத்தார்களே, அதை யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். அது முடிந்துபோன கதை. "சாதாக் கட்டிதான், பயப்படாதீங்க" என்று டாக்டரே சொல்லி அனுப்பிய கதை.

பெரும்பாலும் அதைப் பேசாமல் விட்டதில் தப்பும் இருக்காது. பழைய கட்டிக்கும் இந்த நிழலுக்கும் தொடர்பே இருக்காது. ஆனால் எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆச்சிக்கு எடுத்தது போன்ற மூளை உறைக் கட்டி (மெனிஞ்சியோமா) வந்தவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அது தலைக்கு வெளியே போய் முளைக்கிறது என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் போனவற்றில் பாதிக்கு மேல் போய்ச் சேரும் இடம் நுரையீரல். கல்லீரல், எலும்பு, நிணநீர்க் கணு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆயிரத்தில் ஒன்றுக்காக 999 பேரைப் பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த அந்த ஒரு நாளில் பழைய கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும், பழைய பேப்பரைக் காட்ட வேண்டும். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீள விளக்கம்.

மண்டையோட்டைத் திறந்தவுடன் மூளை வந்துவிடாது. மேலே தடித்து உறுதியான டியூரா என்ற உறை, அதற்கு அடியில் மெல்லிய அரக்னாய்டு, மூளையோடு ஒட்டிக் கிடக்கிற பயா என்று மூன்று உறைகள் இருக்கின்றன. நாம் பேசுகிற கட்டி நடு உறையான அரக்னாய்டின் செல்களிலிருந்து பிறப்பது. வளரும்போது டியூராவோடு ஒட்டிக்கொண்டு மூளையை உள்பக்கமாக அழுத்தும். அதனால்தான் இதை மூளைக் கட்டி என்று சொன்னாலும் உண்மையில் இது மூளைச் செல்லில் வந்த கட்டி இல்லை. மெனிஞ்சியோமா என்ற பெயரை 1922இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். தலைக்குள்ளேயே தோன்றுகிற கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். 50, 60 வயதுக்கு மேல் கூடுகிறது. நிறையப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. கீழே விழுந்து அடிபட்டதற்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும்.

தெரியவந்தால் எப்படித் தெரியும் என்பது கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. உச்சந்தலை நடுவில் இருந்தால் ஒரு கால் இழுக்கும், வலிப்பு வரும். பார்வை நரம்பின் பக்கத்தில் இருந்தால் கண் மங்கும். கண்புரை என்று நினைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை அங்கிருந்து எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவதும் உண்டு. மூக்கின் கூரைக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் வளர்கிற கட்டி மோப்ப நரம்பை நசுக்கிவிடும். இங்கே சமையல்கட்டில் கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் எண்ணெயில் விழுந்தால் முகப்பு வரைக்கும் வாசம் போகும். அதை வதக்குகிறவருக்கே வாசம் தெரியவில்லை, அடிப்பிடித்ததும் தெரியவில்லை, வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார் என்றால், "வயசாச்சுல்ல" என்று வீட்டார் சிரித்துவிட்டுப் போவார்கள். வாசம் போவதைப் பெரிய விஷயமாக நாம் எடுத்துக்கொள்வதே இல்லை. கொரோனா காலத்தில் மட்டும் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டோம்.

எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். பத்தில் எட்டு முதல் தரம். மெல்ல வளரும், முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. இரண்டாம் தரம் திரும்பி வரக்கூடியது. மூன்றாம் தரம் நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று வரைதான், ஆனால் முரடு. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, மூளைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதைப் பார்த்துத் தரம் சொன்ன காலம் மாறி, 2021 வகைப்பாட்டிலிருந்து மரபணுவும் உள்ளே வந்துவிட்டது. சி.டி.கே.என்.2.ஏ மரபணு இரண்டு பிரதியும் அழிந்துபோயிருந்தாலோ டெர்ட் மரபணுவின் முன்பகுதியில் மாற்றம் இருந்தாலோ, செல் பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் மூன்றாம் தரம்தான். 2012இல் ரிப்போர்ட் வாங்கியவருக்கு இந்தச் சோதனையெல்லாம் நடந்திருக்காது. பழைய ரிப்போர்ட்டில் "கிரேடு 1" என்று இருப்பதை இன்றைய கிரேடு 1 ஆக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

இனி ஆச்சியின் மகள் கேட்கிற கேள்வி. "ஏங்க டாக்டர், தலையில இருந்தது நெஞ்சுல எப்படிங்க வரும்? அப்பவே கேன்சர் இல்லேன்னு எழுதிக் குடுத்தாகளே, ஆத்தாவுக்கு அதுக்கப்புறம் ஒரு தலைவலி கூட வரல."

தலைக்குள் வருகிற கட்டிகள் பொதுவாகத் தலையை விட்டு வெளியேறுவதில்லை. மூளைக்குள் பிறக்கும் மிகக் கொடிய கிளையோமாவே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போவது அபூர்வம். மெனிஞ்சியோமாவுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அது டியூராவில் ஒட்டியிருக்கிறது. மூளையின் கழிவு ரத்தமெல்லாம் போகிற பெரிய சிரை வாய்க்கால்கள் அந்த டியூராவின் மடிப்புக்குள்தான் ஓடுகின்றன. உச்சந்தலையில் முன்னும் பின்னுமாக ஓடுகிற வாய்க்கால்தான் பெரியது. அரக்னாய்டு செல்கள் இயல்பாகவே அதன் சுவரை ஒட்டிக் கொத்துக்கொத்தாக இருக்கின்றன; மெனிஞ்சியோமா அங்கே அதிகம் முளைப்பதற்கும் அதுவே காரணம். வளர்ந்த கட்டி அந்தச் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்தால் அதன் செல்களை ரத்தம் நேரடியாக உரசிக்கொண்டு ஓடும். உதிர்கிற செல் கழுத்துச் சிரை வழியாக இறங்கி, மேற்பெருஞ்சிரைக்குள் போய், இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குத் தள்ளப்படும். வழியில் வேறெங்கும் நுண்குழாய் வலை கிடையாது. முதல் வலை நுரையீரலில்தான். செல் அங்கே மாட்டும். நுரையீரல் முதலிடம் பிடிப்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

இன்னொரு பாதையும் உண்டு. முதுகெலும்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஓடுகிற ஒரு சிரைப் பின்னலை அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் ஆஸ்கர் பேட்சன் 1940இல் விவரித்தார். இந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. இருமினால், முக்கினால் உள்ளே ரத்தம் இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். தலையிலிருந்து முதுகெலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நுரையீரலைத் தொடாமலே கட்டி போய்ச் சேர்வதற்கு இந்த வழியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். மூளைத் தண்டுவட நீர் வழியாகவும் பரவல் நடக்கும். ஆனால் அது பெரும்பாலும் மூளை, தண்டுவடம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். டியூராவில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதே 2015 வாக்கில்தான் எலிகளில் உறுதியானது. கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் பரவியதாகப் பதிவான நோயாளிகளின் கதைக்கு அதற்குப் பிறகு ஒரு வழி கிடைத்தது.

பாதை இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் ஆயிரத்தில் ஒன்றுதான்? சிரை வாய்க்காலுக்குள் நுழைந்த மெனிஞ்சியோமாவை அறுவை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நுரையீரல் சுத்தமாகவே இருக்கிறது. எனவே வழி திறந்திருந்தால் மட்டும் போதாது. கட்டியிலிருந்து பிரிந்த செல் ரத்தத்தின் ஓட்டத்தில் சிதையாமல் இருக்க வேண்டும். நோயெதிர்ப்புச் செல்களிடம் சிக்கக் கூடாது. குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வர வேண்டும். தனக்குப் பழக்கமே இல்லாத காற்றுப்பைக்கு நடுவில் வேரூன்றி, புதிதாக ரத்தக் குழாய்களையும் வரவழைத்துக்கொள்ள வேண்டும். மெனிஞ்சியோமா செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு சுருள்சுருளாக அடுக்கி வளர்கிற சாதி. தனியே கிளம்பிப் போகிற குணம் அவற்றுக்குக் குறைவு. அந்தக் குணம் மாறும்போதுதான் ஆபத்து. மூன்றாம் தரத்தில் மாறுவது அதிகம். அங்கே பரவும் விகிதம் ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கைத் தாண்டி நூற்றுக்குச் சில பேர் என்று ஏறிவிடுகிறது. திரும்பத் திரும்பத் தலையிலேயே முளைத்து, இரண்டு மூன்று முறை அறுவை செய்தவர்களுக்கும் கூடுதல்.

முதல் தரக் கட்டி பரவாது என்று சத்தியம் பண்ணவும் முடியாது. நுண்ணோக்கியில் அத்தனை சாதுவாக இருந்த கட்டி பல வருடம் கழித்து நுரையீரலில் அதே சாது முகத்தோடு வந்து நின்ற நோயாளிகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். இதுதான் இந்த விஷயத்தில் படித்தவர்களையும் குழப்புகிற இடம். பரவினால் கேன்சர், பரவாவிட்டால் சாதாக் கட்டி என்று நாம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மெனிஞ்சியோமா அந்தக் கோட்டின்மேல் கால் வைத்து நிற்கிறது. "சாதாக் கட்டி" என்று அன்றைக்கு டாக்டர் சொன்னது பொய் இல்லை. அது கட்டியின் தரத்தைப் பற்றிய பேச்சு. ஆயுசுக்கும் எழுதித் தந்த உத்தரவாதமாக நாம்தான் அதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

"கத்தி பட்டா பரவும்" என்ற பேச்சு நம் பக்கத்தில் வலுவாக உண்டு. இந்த நோயில் அதற்கு ஒரு சாட்சியும் இருக்கிற மாதிரித் தோன்றும். நுரையீரலுக்குப் பரவியதாகப் பதிவானவர்களில் பெரும்பாலோர் தலையில் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள். அறுவையின்போது சிரைகள் திறக்கின்றன, செல்கள் உதிர வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தொல்லை தருகிற மெனிஞ்சியோமா வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே அறுவை நடக்கிறது. அப்படியிருக்க, பரவியவர்களிலும் அறுவை நடந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். திரும்பத் திரும்ப முளைக்கிற முரட்டுக் கட்டிக்குத்தான் பல முறை அறுவை; பரவுகிற குணமும் அதே முரட்டுக் கட்டிக்குத்தான். கத்தியே படாமல் பரவிய நோயாளிகளும் பதிவில் இருக்கிறார்கள். மறுபக்கத்தில், தொல்லை தருகிற கட்டியை அறுவை செய்யாமல் விட்டால் வலிப்பு, பக்கவாதம், குருடு என்று தலைக்குள்ளேயே கேடு நடக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆயிரத்தில் ஒன்றுக்குப் பயந்து அந்தப் பெரிய ஆபத்தைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

சரி, நிழல் தெரிந்துவிட்டது. அது என்ன என்று எப்படித் தெரியும்?

முதலில், அது வேறு என்னவாக இருக்கலாம் என்று பார்க்க வேண்டும், வரிசை மிக நீளம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். எனவே முதல் சந்தேகம் டி.பி.யின் மேல் விழுவதில் நியாயம் இருக்கிறது. டி.பி.யை வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகத்துக்கே காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். அந்த மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே இங்கே ஒரு சிக்கலும் கூட. சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் "எதுக்கும் 6 மாசம் சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று தொடங்கிவிட்டால், நிழல் வேறொன்றாக இருக்கும் பட்சத்தில் அரை வருடம் போய்விடும். கல்லீரலும் அந்த மாத்திரையின் பாரத்தைச் சும்மா சுமக்கும்.

அடுத்தது நுரையீரலிலேயே பிறந்த புற்றுநோய். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் அது வருகிறது. மூன்றாவது, மார்பகத்திலிருந்தோ குடலிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ பரவியது. மெனிஞ்சியோமாவும் மார்பகப் புற்றுநோயும் ஒரே பெண்ணுக்கு வருவது எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. கதை தலைகீழாகவும் நடக்கும். மார்பகம் அல்லது நுரையீரல் புற்றுநோய் டியூராவுக்குப் பரவி, எம்.ஆர்.ஐ.யில் அச்சு அசலாக மெனிஞ்சியோமா போலத் தெரியும். தலையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்று இருந்தால் எது முதல், எது பரவி வந்தது என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இவை போதாதென்று, பல பெண்களின் நுரையீரலில் மெனிஞ்சியோமா செல் மாதிரியே இருக்கிற சில மில்லிமீட்டர் முடிச்சுகள் காணப்படுகின்றன. 1960இல் முதலில் விவரிக்கப்பட்ட இவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. தலையில் எதுவுமே இல்லாமல் நுரையீரலிலேயே தனியாகப் பிறக்கிற மெனிஞ்சியோமாவும் மிக அபூர்வமாக உண்டு. அதனால் நுரையீரலில் மெனிஞ்சியோமா என்று ரிப்போர்ட் வந்து, நோயாளிக்குத் தலைக்கட்டி இருந்ததாக யாருக்கும் நினைவே இல்லையென்றால், தலையை எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடக் கூடாது.

ஆகவே ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும். சி.டி. ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, மார்பு வழியாக ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். நுரையீரலுக்கு வெளியே காற்று கசிவது இதில் இருக்கிற முக்கியமான அபாயம். பெரும்பாலும் தானாகவே அடங்கும், சில பேருக்கு மட்டும் குழாய் போட வேண்டியிருக்கும். எடுத்த துணுக்கில் நோயியல் மருத்துவர் தேடுவது பழைய கட்டியின் கையெழுத்தை. ரங்கூனிலும் மோல்மீனிலும் பினாங்கிலும் நகரத்தார் கடை போட்டிருந்த காலத்தில், கடை எந்தச் சீமையில் இருந்தாலும் பேரேடு எழுதுகிற முறை ஊர் முறைதான். ஏட்டைப் பிரித்தால் எந்த ஊர்க் கணக்கு என்று தெரிந்துவிடும். மெனிஞ்சியோமா செல்லும் நுரையீரலுக்கு வந்த பிறகு நுரையீரல் செல்லாக மாறிவிடுவதில்லை. அங்கேயும் அதே சுருள் அடுக்கு, சில சமயம் அதே சுண்ணாம்புப் பொடி உருண்டைகள். எப்பித்தீலியல் மெம்பரேன் ஆன்டிஜன், சோமட்டோஸ்டாட்டின் ஏற்பி 2ஏ, புரொஜெஸ்டிரோன் ஏற்பி ஆகிய புரதங்களுக்கான சாயங்களைப் போட்டால் மெனிஞ்சியோமா தன்னைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால், 22ஆம் குரோமோசோமில் இருக்கிற என்.எப்.2 மரபணுவில் தலைக்கட்டியில் இருந்த அதே பழுது நெஞ்சுக் கட்டியிலும் இருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

ஒப்பிட வேண்டுமானால் பழையது கையில் இருக்க வேண்டும். எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பெரிதாகப் படுவது இதுதான். செட்டிநாட்டு வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்து ஐந்தொகைக் கணக்கு இருக்கும். அப்பத்தா கல்யாணத்து இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) பெட்டகத்தில் மடிப்பு கலையாமல் இருக்கும். அதே வீட்டில் 2015இல் நடந்த மூளை அறுவையின் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டால், "அந்தப் பெரிய ஸ்கேன் கவரோட இருந்துச்சு, வெள்ளையடிக்கிறப்ப எங்க போச்சுன்னு தெரியல" என்பார்கள். காரணமும் இல்லாமல் இல்லை. இந்தச் சீமையில் தலை அறுவை என்றால் நெடுங்காலமாக வெளியூர்தான். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும் சென்னையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவையைத் தொடங்கி வைத்தார்கள். அதற்குப் பின் மதுரை, தஞ்சாவூர் என்று பரவியது. சிவகங்கைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2012இல்தான். மகன் சென்னையில் இருந்தால் சென்னை, மகள் கோயம்புத்தூரில் இருந்தால் கோயம்புத்தூர் என்று வைத்தியம் நடந்திருக்கும். ஃபைலும் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும். 9 வருடம் கழித்து காரைக்குடியில் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டருக்குத் தலையில் ஒரு தழும்பு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் முடிக்குள்.

ஸ்கேன் படங்களைவிட முக்கியமான பேப்பர் ஹிஸ்டோபேதாலஜி ரிப்போர்ட், அதாவது எடுத்த கட்டியின் திசுவைப் பார்த்து எழுதியது. அதில் கட்டியின் வகை, தரம், பயாப்சி எண் எல்லாம் இருக்கும். எண் தெரிந்தால் அறுவை நடந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த திசுவையும் கண்ணாடிச் சில்லையும் தேடிக் கேட்க முடியும். அதில் புதிதாகச் சாயம் போட்டுப் பார்க்கலாம், இன்றைய மரபணுச் சோதனையையும் செய்யலாம். எல்லா இடத்திலும் என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். சீக்கிரம் கேட்பது நல்லது.

பழைய சில்லை மறுபடி பார்ப்பதால் கதையே மாறுவதும் உண்டு. முன்பு ஹீமாஞ்சியோபெரிசைட்டோமா என்றும், அதற்கும் முன்னால் ஆஞ்சியோபிளாஸ்டிக் மெனிஞ்சியோமா என்றும் எழுதப்பட்ட ஒரு கட்டி இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் மெனிஞ்சியோமாவிடமிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் அது மெனிஞ்சியோமாவே இல்லை. இன்று சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்ற பெயரில் தனி இனம். ஸ்டாட்6 என்ற சாயம் அதன் செல் கருவில் பிடித்துக்கொள்ளும், மெனிஞ்சியோமாவில் பிடிக்காது. இந்தக் கட்டிக்கு நுரையீரலுக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போகிற பழக்கம் அதிகம்; 10 வருடம் தாண்டியும் போகும். பழைய ரிப்போர்ட்டில் மெனிஞ்சியோமா என்று இருந்து, நெஞ்சில் நிறைய உருண்டைகள் வந்தால், ஸ்டாட்6 போட்டுப் பாருங்கள் என்று நோயியல் மருத்துவரிடம் கேட்பதில் தப்பில்லை.

உடம்பு முழுவதும் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன் உதவும். சர்க்கரையை வைத்து எடுக்கிற வழக்கமான பெட் ஸ்கேனில் மெல்ல வளர்கிற மெனிஞ்சியோமா மங்கலாகத் தெரியலாம், அல்லது தெரியாமலே போகலாம். மெனிஞ்சியோமா செல்லின் மேல் சோமட்டோஸ்டாட்டின் ஏற்பி நிறைய இருப்பதால், அந்த ஏற்பியில் போய் ஒட்டுகிற காலியம் டோட்டாடேட் மருந்தை வைத்து எடுக்கிற பெட் ஸ்கேனில் அது பளிச்சென்று தெரியும். செலவு பிடிக்கிற சோதனை, பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இருந்தால் எது அதில் அடங்கும் என்று புறப்படும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வைத்தியம் என்று வரும்போது ஒரே பாதை கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற நோயை வைத்துப் பெரிய ஆய்வு நடத்த ஆள் கிடைப்பதில்லை. கைவசம் இருப்பதெல்லாம் தனித்தனி நோயாளிகளின் கதையும் சிறு தொகுப்புகளும். அவற்றிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நுரையீரலில் இருப்பது பல பேருக்கு வருடக்கணக்கில் மெல்லவே வளர்கிறது. சிறியதாக, தொல்லை தராமல், முதல் தரமாக இருந்தால் சில மாதத்துக்கு ஒரு முறை சி.டி. எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பது சரியான வைத்தியமாக இருக்கலாம். ஒன்றிரண்டு மட்டும் இருந்து, எட்டுகிற இடத்திலும் இருந்தால் நுரையீரலில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். உடம்பு அறுவையைத் தாங்காது என்றால் குறிவைத்துக் கொடுக்கிற கதிர்வீச்சு. நிறைய இருந்து, வளரவும் செய்தால் மருந்து பக்கம் போக வேண்டியிருக்கும். நிரூபணமான கீமோ என்று எதுவும் இல்லை. ஹைட்ராக்சியூரியா பல காலம் கொடுத்துப் பார்த்து ஏமாற்றமே மிஞ்சியது. பெவாசிசுமாப், சுனிடினிப், சோமட்டோஸ்டாட்டின் வகை ஊசிகள், அந்த ஏற்பியைத் தேடிப்போய்க் கதிர் கொடுக்கிற லுடேசியம் 177 ஆகியவை சில பேருக்கு வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகின்றன. புற்றுநோய் மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், நெஞ்சு அறுவை மருத்துவர் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிற இடத்துக்குப் போவதுதான் முறை.

ஹார்மோன் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். மெனிஞ்சியோமாவில் புரொஜெஸ்டிரோன் ஏற்பி இருப்பதால் அந்த ஹார்மோனைத் தடுக்கிற மைஃபெப்ரிஸ்டோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் உண்மை. அதிக அளவு சைப்ரோட்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா கூடுவதால் 2020இல் ஐரோப்பாவில் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு, அறுவை தேவைப்படுகிற மெனிஞ்சியோமா அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் என்று 2024இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு வெளியானது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தரா என்ற பெயரில் கருத்தடைக்குப் போடுவது இதே மருந்துதான். தனி ஒரு பெண்ணுக்கு அபாயம் இன்னும் மிகச் சிறியதே. ஊசி போட்டவர்கள் பதற வேண்டியதில்லை. மெனிஞ்சியோமா இருக்கிறவர்களும் இருந்தவர்களும் மட்டும் எந்த ஹார்மோன் மருந்தைத் தொடங்கும் முன்பும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் தலைக்கட்டி எடுத்த எல்லாரும் வருடா வருடம் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா? முதல் தரத்துக்கு வேண்டாம். ஆயிரம் பேருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்தால் பழைய டி.பி. தழும்பும் ஒன்றுமில்லாத முடிச்சுமாக நூறு பேருக்கு மேல் ஏதாவது தெரியும். அத்தனை பேரும் தூக்கம் கெட்டு அலைவார்கள். மூன்றாம் தரம், திரும்பத் திரும்ப முளைத்தது, சிரை வாய்க்காலுக்குள் நுழைந்தது என்ற வகையினருக்கு ஒரு முறை நெஞ்சைப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் அது நியாயமான யோசனை. மற்றவர்கள் ஆறாத இருமல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத எலும்பு வலி வந்தால், "எனக்குத் தலையில் இந்தக் கட்டி இருந்தது" என்ற ஒரு வாக்கியத்தை முதலிலேயே சொன்னால் போதும்.

நுரையீரலில் இருப்பது மெனிஞ்சியோமாதான் என்று உறுதியான பிறகு வீட்டார் கவனம் முழுவதும் நெஞ்சுப் பக்கம் திரும்பிவிடும். அப்போதும் தலையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நெஞ்சுக்குப் போனவர்களில் பல பேருக்குத் தலையிலும் பழைய இடத்திலேயே கட்டி மறுபடி வளர்ந்துகொண்டிருக்கும். உடனடியாக உயிருக்கும் நடமாட்டத்துக்கும் சோதனை வைப்பது பெரும்பாலும் அந்தத் தலைக்கட்டிதான். மூட்டு அறுவைக்கு வந்த நம் ஆச்சிக்கு நெஞ்சில் ஊசி போடுகிற அதே வாரத்தில் தலைக்கும் சாயம் ஏற்றி ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முட்டி கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும்.